முதுகு தேய்க்கிற நேரம்

என் மகள் பொன்செல்வி நர்சிங் கல்லூரியில் டீச்சர். ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொல்லிக்கொடுக்கட்டும், நான் வேண்டாமென்றா சொன்னேன்? போன மாதம் எனக்கே பாடம் எடுக்க வந்துவிட்டாள். அதுவும் என் பெண்டாட்டி விஷயத்தில். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

சாலைக் கடைத்தெருவில் ஆணி, கீல், தாழ்ப்பாள் விற்கிற இரும்புக்கடை என்னுடையது. கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆறுமுகசாமி அண்ணாச்சி கடை என்று யாரைக் கேட்டாலும் கைகாட்டுவார்கள். கடைக்குப் பின்னால் இருக்கிற சந்தில் வீடு. மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை என்பதால் பொன்செல்வி எங்களோடுதான் இருக்கிறாள். போன ஓணத்துக்குக் கொஞ்சம் முன்னால் என் பெண்டாட்டி மாடம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் ஆயிற்று. ஆனால் கால் ஊன்ற முடியவில்லை. அன்றிலிருந்து கட்டில்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவரும்போது வார்டில் இருந்த ஒரு நர்சம்மா எனக்கு ஒன்று காட்டிக்கொடுத்தாள். உள்ளங்கையில் ஸ்பிரிட்டை ஊற்றி முதுகிலும் இடுப்பிலும் குதிகாலிலும் சூடு பறக்கத் தேய்த்து, மேலே பவுடர் போட வேண்டும். அப்படிச் செய்தால் படுக்கைப்புண் வராது என்றாள். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கடையை வேலையாளிடம் விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவேன். மாடம்மாளைச் சுவரைப் பார்க்க ஒருக்களித்துப் படுக்கவைத்து, என் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன் என்றால் ஒரு மணி நேரம் எழுந்திருக்க மாட்டேன்.

எனக்குச் சமைக்க வராது. அவளைக் குளிப்பாட்டுவதும் துணி மாற்றுவதும் பொன்செல்வியும் வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணும். அவளுக்காக என் கையால் ஆகிற காரியம் இது ஒன்றுதான். இத்தனை மாதத்தில் அவள் உடம்பில் ஒரு பொட்டுப் புண் வரவில்லை. எல்லாம் என் கைராசி என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். சொன்னால் என்ன? பெருமைப்பட எனக்கு வேறு என்ன இருக்கிறது?

இந்த நேரத்தில்தான் கல்லூரியில் பழைய பாடத்திட்டத்தை மாற்றி எழுதுகிற வேலையைப் பொன்செல்வி தலையில் கட்டினார்கள். சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம், நடுவில் லேப்டாப். தட்டு வைக்க இடம் கிடையாது. நர்சுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற காரியம் ஒவ்வொன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, இதை எதற்காகச் செய்கிறோம், பலன் உண்டென்று எதை வைத்துச் சொல்கிறோம் என்று கேட்பாள். ஆராய்ச்சி செய்து பார்த்தவர்கள் பலன் உண்டென்று சொல்லியிருந்தால் பாடத்தில் இருக்கும். இல்லாவிட்டால் வெளியே. காலங்காலமாகச் செய்கிறோம் என்பதெல்லாம் ஒரு காரணமே இல்லையாம்.

ஒருநாள் நான் தேய்த்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது, "அப்பா, கொஞ்சம் இரிங்க" என்றாள். "அம்மாவுக்கு இந்தத் தேய்ப்ப நிறுத்திரலாம்."

"என்னது?"

"பாடத்துலேர்ந்தே எடுக்கப் போறேன். சிவந்த இடத்துல அமுக்கித் தேய்ச்சா உள்ள இருக்க சதை நசுங்கும். ஸ்பிரிட்டு தோலைக் காய வச்சிரும். இதுனாலதான் புண்ணு வராம இருக்குன்னு சொல்ல எவிடென்ஸே கிடையாதுப்பா."

"எவிடென்சா? உள்ள படுத்துக் கெடக்காளே, அவதாம்ளா எவிடென்சு! போயி ஒரு புண்ணு காட்டு பாப்பம்!"

"புண்ணு வராதது கட்டில்ல போட்டிருக்க ஏர் பெட்டுனால, காத்து மெத்தையினால. ராவும் பகலும் மாத்தி மாத்தித் திருப்பிப் படுக்க வைக்கோம்லா, அதுனால. எல்லாத்தையும் சேத்துச் செஞ்சா எது வேலை செஞ்சதுன்னு எப்படித் தெரியும்?"

குழாய் ஒழுகுகிறது என்று கடைக்கு வருகிறவன் உள்ளே வாஷரையும் மாற்றுவான், மேலே நூலையும் சுற்றுவான். ஒழுக்கு நின்றதும், நூல்தான் அண்ணாச்சி நிறுத்திச்சு என்று சாதிப்பான். அந்த மாதிரி ஆட்களைப் பார்த்து நான் எவ்வளவு சிரித்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனாலும் விட்டேனா? "உங்க காலேஜுல எல்லாரும் சரின்னு சொல்லியாச்சோ?" என்று கேட்டேன்.

"ரோஸ் டீச்சர் மட்டும் முடியாதுங்காங்க. அவங்க முப்பது வருஷமா இதத்தான் படிப்பிக்காங்க. அவங்க சம்மதிக்காம இத எடுக்கவும் முடியாது."

"அப்ப அவங்கள ஞாயித்துக்கெழம இங்க கூட்டிட்டு வா. நான் தேய்ச்சுக் காட்டுதேன். அவங்க பாத்துச் சொல்லட்டும்."

பாடத்தில் அது இருந்தால் எனக்கென்ன, போனால் எனக்கென்ன. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம். அந்த ஸ்பிரிட் பாட்டிலை என் கையிலிருந்து வாங்கிவிட்டால் அந்த அறையில் எனக்கு என்ன வேலை? கையில் ஒரு வேலையும் இல்லாமல் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார எனக்குத் தெரியாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து தெரியாது. என்ன பேசுவது, கண்ணை எங்கே வைப்பது என்று ஒரு கூச்சம். பாட்டில் கையில் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ரோஸ் டீச்சர் வந்தார். நல்ல பருமன், மலையாளம் கலந்த பேச்சு, கணீரென்ற குரல். எனக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. நம் கட்சி அல்லவா! சாயா கொடுத்து, உள்ளே கூட்டிப்போய், பாட்டிலையும் பவுடர் டப்பாவையும் எடுத்துக் கடை பரப்பினேன்.

பொன்செல்வி ஒரு காகிதத்தை நீட்டினாள். "டீச்சர், புதுப் பாடத்துல எந்த வேலை செய்யதுக்கு முந்தியும் நோயாளிகிட்ட கேக்கணும்னு முதல் வரியா வச்சிருக்கேன். அப்படியே செஞ்சு பாப்போமா?"

"கண்ணால காணுதோம் அல்லே, பின்னே கேக்க என்ன இருக்கு?" என்று ரோஸ் டீச்சர் முணுமுணுத்தார். ஆனால் நியாயமான மனுஷி. குனிந்து, "சேச்சி, அண்ணாச்சி முதுகு தேய்க்கும்போ உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

மாடம்மாள் என்னைப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

நான் பொன்செல்வியைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கேட்டியா என்று வாயைத் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். மாடம்மாளை வழக்கம்போலச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்தேன். உள்ளங்கையில் ஸ்பிரிட்டை ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தேன்.

"அண்ணாச்சிக்கு நல்ல கையாக்கும். எங்க பிள்ளைகளுக்கு இது வராது" என்றார் ரோஸ் டீச்சர். எனக்கு இன்னும் உற்சாகம் கூடிப்போயிற்று. நன்றாகப் பார்க்க வேண்டும் என்று அவர் கட்டிலைச் சுற்றிப் போய், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்த சின்ன இடுக்கில் தன் உடம்பைத் திணித்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் நான் ஒருநாள்கூடப் போனதில்லை.

"அண்ணாச்சி, நிறுத்துங்க" என்றார்.

"ஏன், இன்னும் இடுப்புக்கே வரல்லியே."

"நிறுத்துங்கன்னு சொன்னேன் அல்லே!"

எட்டிப் பார்த்தேன். மாடம்மாள் தலையணை ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் மூக்கு வழியாக ஓடித் தலையணை நனைந்திருந்தது. என் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

"சேச்சி, எரியுதா?"

"எரியும்" என்றாள் மாடம்மாள். "தோலு உரியுத மாதிரி எரியும்."

"ஏளா, எம்புட்டு நாளா?" என்று கேட்டேன்.

"மொதல்லேர்ந்தே."

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?" அந்த நேரத்திலும் எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகை வர வேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும். அப்படி ஒரு பிறவி நான்.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சொன்னா நீங்க கடைக்குப் போயிருவீயல்லா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து விளக்கு வைக்க நேரத்துல நீங்க வீட்டுல இருந்ததே கெடையாது. இப்பத்தான் ஒரு மணி நேரம் எம் பக்கத்துல இருக்கீய. எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போட்டும்னு இருந்தேன்."

"ஊருக்கெல்லாம் கேக்கச் சொல்லி எழுதுனேன். எங்க அம்மாட்ட நான் கேக்கல்லியே" என்று பொன்செல்வி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ரோஸ் டீச்சர் இடுக்கிலிருந்து வெளியே வந்து சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாடத்துலேர்ந்து எடுத்திரு மோளே. முப்பது வருஷம் நான் எல்லாரோட முதுகையும்தான் பாத்திருக்கேன்" என்றார். பிறகு அந்தக் காகிதத்தில் முதல் வரியைத் தட்டிக் காட்டினார். "இதுக்குக் கீழ ஒண்ணு கூட எழுது. முகத்தப் பாத்துக் கேக்கணும்."

அவர் போன பிறகு நான் வீட்டில் இருக்கவில்லை. பூட்டிக் கிடந்த கடையைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, ஆணி மூட்டைகளுக்கு நடுவில் ஆசைதீர அழுதேன். என் கையை எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை.

மறுநாள் பாடத்திட்டம் கல்லூரிக்குப் போயிற்று. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரம் வந்தது. பாட்டிலைப் பொன்செல்வி எடுத்து எங்கேயோ வைத்துவிட்டாள். எனக்கு வீட்டுக்குப் போக ஒரு காரணமும் இல்லை. கடையில் ஆளும் கூட்டமாக இருந்தது. ஆனால் கால் நிற்கவில்லை, கிளம்பிவிட்டேன்.

அறை வாசலில் என் செருப்புச் சத்தம் கேட்டதும், "வந்திட்டீயளா?" என்றாள் மாடம்மாள். அந்தக் குரலில் அப்படி ஒரு நிம்மதி. நான் வரமாட்டேன் என்று நினைத்திருக்கிறாள் பாவி.

கட்டிலைப் பிடித்துச் சுவரிலிருந்து தள்ளி இழுத்தேன். அந்த இடத்தில் நாற்காலியைப் போட்டு, அவளுக்கு எதிர்முகமாக உட்கார்ந்தேன். கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"கையை எங்க வைக்கட்டும்?" என்று கேட்டேன்.

அவள் கூச்சத்தோடு சிரித்தாள். என் வலது கையைப் பிடித்து இழுத்துத் தன் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஆணியும் துருவும் அளைந்து காய்ப்பேறின கை அது.

"எரியுதா?"

"இல்ல."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். உண்மையைத்தான் சொன்னாள்.