அணைத்து வைத்த மைக்

ஒரே அறையில் எல்லாரையும் சேர்த்து நிறுத்திப் பதிவு செய்யவேண்டும் என்று கேட்டதே பியானோக்காரர்தான். என் அறை சின்னது. ஜன்னல் கிடையாது. தரையில் ஈரம் குடித்துக் காயாத கம்பளம். அந்த வாடையிலேயே பல வருஷமாக ஒலிப்பதிவு செய்து பிழைக்கிறேன்.

டபுள் பேஸ் வாசிக்க வந்தவள் அவருடைய கொழுந்தியாள். தன்னைவிட உயரமான அந்தத் தந்தி வாத்தியத்தை உறையோடு தோளில் மாட்டி மூன்று மாடி ஏறி வந்திருந்தாள். டிரம்ஸ் சத்தம் அவள்மேல் அடிக்காதபடி நடுவில் ஒரு மெத்தைத் தடுப்பு வைத்தேன்.

"கொஞ்சம் தாழ்த்துங்கண்ணா. டிரம்ஸ்காரர் முகம் தெரிஞ்சாத்தான் வாசிக்க முடியும்" என்றாள்.

ஒரு முறை ஒத்திகை பார்த்ததும் பியானோக்காரர் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், என் மேஜைக்கு வந்தார். எண்ணெய் வழியும் வறுவலைத் தின்றுகொண்டே, விரலைச் சப்பிக்கொண்டே சொன்னார்.

"அவ மைக்க மட்டும் அணைச்சு வெச்சிடு. சொல்லிக்காத."

"ஏன் சார்?"

"சுருதி வழுக்குது. பேஸ நானே நாளைக்குக் கீபோர்டுல போட்டுக்கிறேன். கூப்பிடலேன்னா அவ அக்கா வீட்ல மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவா."

சுருதி வழுக்கவில்லை. வழுக்கியது அவருடைய இடது கை. அவர் தடுமாறிய இடத்திலெல்லாம் தாங்கிப் பிடித்தவள் அவள்தான். எனக்குத் தெரிந்தும் மைக்கை அணைத்தேன்.

நாலு பாட்டு முடிந்தபோது அவள் விரல் நுனி கொப்பளித்திருந்தது.

"அண்ணா, என் சத்தம் நல்லா விழுதா?"

நான் வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "அருமை கண்ணு! நீ இல்லேன்னா இது ஒப்பேறுமா?" அதே எண்ணெய்க் கையால் அவள் முதுகில் தட்டினார். சட்டையில் கறை பதிந்தது.

"ஆமாம்மா" என்றேன் நானும். அவள் முகத்தைப் பார்க்காமல் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

மறுநாள் கீபோர்டோடு வந்தார். அவர் ஒன்று வாசிக்க, அடியில் இன்னொன்று தும் தும் என்று கேட்டது.

"அணைச்சியே, எங்கேருந்துய்யா வருது?"

"ஒரே ரூம் சார். பியானோ மைக்குலயும் டிரம்ஸ் மைக்குலயும் அவங்கதான் இருக்காங்க."

அடிச்சத்தத்தை வெட்டிப் பார்த்தேன். பியானோ தகர டப்பா மாதிரி ஆனது.

"சரி, மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு. அவள விட்டுட்டுத் திரும்ப எடுக்கலாம்." கூச்சமே இல்லாமல் அவளுக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து என் முன்னால் நீட்டினார்.

அந்தப் பொய்யை என்னால் சொல்ல முடியவில்லை. "அம்மா, நேத்து உங்க மைக்க நான் அணைச்சு வெச்சிருந்தேன். சொன்னது உங்க அத்தான். செஞ்சது நான்."



"தெரியும்ணா. கண்ணாடி வழியாப் பார்த்தேன். உங்க மேஜையில எல்லார் மைக் விளக்கும் ஆடுச்சு, என்னோடது ஆடல."

"பின்ன ஏம்மா வாசிச்சீங்க?"

"டிரம்ஸ்காரர் என்னைப் பார்த்துத்தான வாசிச்சாரு? பாதியில விட்டா அவரு என்ன பண்ணுவாரு?" பிறகு குரல் மாறியது. "அத்தான், முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பார்த்தீங்க. இது பூசணிக்காய விடப் பெருசு." வைத்துவிட்டாள்.

அவள் இல்லாமல் வரமாட்டேன் என்று டிரம்ஸ்காரர் மறுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் எடுத்ததையே அப்படியே வெளியிட்டார் பியானோக்காரர். கேட்டவர்கள் பேஸைத்தான் புகழ்ந்தார்கள். இசைத்தட்டின் அட்டையைப் புரட்டினேன். பியானோவும் பேஸும் அவர் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, ஒலிப்பதிவு என்று என் பெயர். அந்த இரண்டு வரியும் ஒட்டிக்கொண்டு கிடந்ததைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

அடுத்த மாதம் அவளும் டிரம்ஸ்காரரும் சேர்ந்து புதிதாக ஒன்று பதிவு செய்தார்களாம். வேறொருவர் அறையில். என்னிடம் ஏன் வரவில்லை என்று கேட்க எனக்கு முகம் இல்லை.