பட்டாளத்து டிரெய்லர்

தனுஷ்கோடியை ஏமாற்ற இருளப்பசாமி ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். பொய் சொல்லியிருந்தால், ‘பாவி இப்படிப் புளுகினானே’ என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாவது ஆற்றிக்கொள்ளலாம். மனிதர் சொன்னது அத்தனையும் உண்மை. அந்த உண்மைகளை நம்பித்தான் தனுஷ்கோடி கையிலிருந்த ஒரே சொத்தைத் தொலைத்தான்.

எண்பத்தாறாம் வருஷம், ராஜபாளையத்தில் அவன் ஃபிட்டராக இருந்த பஞ்சாலையை மூடினார்கள். பதினாறு வருஷ சர்வீசுக்கு ஒரு தொகை கிடைத்தது. மனைவி சண்முகத்தாய், ஒழுகுகிற கூரையை மாற்றிவிடலாம் என்றாள். தனுஷ்கோடி காதில் வாங்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் டிராக்டர் வைத்திருந்த இருளப்பசாமி வேறு யோசனை சொல்லியிருந்தார். இருவரும் ஒருவயிற்றுப் பிள்ளைகள் இல்லை. ஆனாலும் இருபது வருஷமாக அண்ணன் தம்பி என்றுதான் ஊர் நினைத்தது, தனுஷ்கோடியும் அப்படித்தான் நினைத்தான்.

“எங்கிட்ட டிராக்டர் இருக்கு, பின்னால இழுக்கத்தான் ஒண்ணுமில்ல. ஒங்கிட்ட கைவேலை இருக்கு” என்றார் அவர். “மெட்ராஸ் பக்கம் பட்டாளத்து டெப்போவுல பழைய டிரெய்லரெல்லாம் ஏலம் விடுதாவளாம். ஒண்ண எடுத்துச் சரி பண்ணு. டிரெய்லர் ஒனக்கு, டிராக்டர் எனக்கு. வர்ற வாடகைய ஆளுக்குப் பாதியா வச்சிக்கிடுவோம்.”

கார்த்திகையில் இருவரும் போனார்கள். கருவேல முள்ளுக்குள் இருபது முப்பது டிரெய்லர்கள் மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு கிடந்தன. உள்ளது உள்ளபடி, கிடக்கிறது கிடக்கிறபடி எடுத்துக்கொள்ள வேண்டும், பிறகு வந்து குறை சொல்லக் கூடாது என்பது ஏலத்தின் சட்டம். மற்றவர்கள் பெயின்ட் நன்றாக இருக்கிறதா, டயர் இருக்கிறதா என்று பார்த்தார்கள். தனுஷ்கோடி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றின் அடியிலும் மல்லாந்து படுத்து, அச்சை ஸ்பேனரால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டான். கடைசியில் அவன் காட்டியது தளம் இற்று, ஒரு சக்கரமே இல்லாமல் கிடந்த ஒன்றை. ஏலத்துக்கு வந்தவர்கள் சிரித்தார்கள்.

“அச்சு நேரா இருக்குண்ணே. மத்ததெல்லாம் செஞ்சிக்கிடலாம்” என்றான்.

பணம் முழுக்க அவனுடையது. மெட்ராஸில் பேண்டேஜ் துணி இறக்கிவிட்டு வெறுமனே ராஜபாளையம் திரும்பிய ஒரு லாரியில் அதை ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.

பிறகு ஆறு மாசம் வீட்டுக் கொல்லையில் அதனோடுதான் குடித்தனம். சண்முகத்தாயும் ஒரு கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு கூட உட்கார்ந்து சுரண்டினாள். பச்சையைச் சுரண்டினால் மண் நிறம், அதைச் சுரண்டினால் மறுபடியும் பச்சை. “எத்தன சேலதான் கட்டியிருக்கா இவ” என்று அவள் சிரித்தாள். இறுகிப்போன பேரிங்கைக் கழற்ற நாலு நாள் ஆனது. இற்ற தளத்தைப் பிய்த்துவிட்டு வாகைப் பலகை அடித்தான். பெரிய தலைவலி கொக்கி. பட்டாளத்து லாரியின் கொக்கி உயரம், டிராக்டரின் கொக்கி தாழ்வு. அப்படியே மாட்டினால் முன்பக்கம் தாழ்ந்து, பாரமெல்லாம் டிராக்டரின் முதுகில் விழும். முன்சட்டத்தை அறுத்து ஒரு சாண் இறக்கி வெல்டிங் வைத்தான். முதல்தடவை கோணிக்கொண்டது. மறுபடி அறுத்து வைத்தான். இரண்டாம் தடவை நூல் பிடித்த மாதிரி நின்றபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. மில் கதவைச் சாத்தியபிறகு அவன் கை உருப்படியாகச் செய்த முதல் வேலை அது.

இருளப்பசாமி வாரம் தவறாமல் பஸ் ஏறி வந்து பார்த்தார். வரும்போது பால்கோவாப் பொட்டலம் ஒன்றும் வரும். பட்டாளத்துப் பச்சையிலேயே ரோட்டில் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும் என்று தெரிந்ததும், பெயின்ட்டை அவரே வாங்கி வந்தார்.

“அரக்குச் செவப்பு. மங்களமா இருக்கட்டும்” என்றார்.

ஆர்.சி. எழுதும் நாள் வந்தது. டிராக்டர் யார் பேரில் இருக்கிறதோ அவர் பேரிலேயே டிரெய்லரையும் போட்டால் வேலை சீக்கிரம் முடியும் என்றான் புரோக்கர். இருளப்பசாமி தனுஷ்கோடியைப் பார்த்தார். “யார் பேர்ல இருந்தா என்னலே, இழுக்கப்போறது ஒரே வண்டிதான” என்றார். அதுவும் உண்மைதானே. ஒரு துண்டுச் சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று அவனுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றிய மாத்திரத்தில் கூசிப்போனான். அண்ணே என்று கூப்பிடுகிறவரிடம் சீட்டுக் கேட்பது, அவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்துகொண்டு சோற்றை மோந்து பார்க்கிற மாதிரி. அவர்கள் ஊர்ப் பக்கத்தில் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். அதனால்தான் அவர்கள் பக்கத்தில் இத்தனை பேர் ஏமாந்திருக்கிறார்கள்.

“மிச்ச வேலையையும் வைகாசிக்குள்ள முடிச்சிரு தம்பி” என்றார் இருளப்பசாமி. “மக வெள்ளத்தாய்க்குக் கல்யாணம் வச்சிருக்கு. சீர்ச் சாமான் அம்புட்டும் இந்த டிரெய்லர்லதான் போவணும். பொறவு ஒண்ணு. சீர்ப் பட்டியல்ல பொண்ணு வீட்டுச் சாட்சியா நீதான் கையெழுத்துப் போடுத. எனக்கு வேற யாரு இருக்கா?”

தனுஷ்கோடிக்குக் கால் தரையில் பாவவில்லை. வெள்ளத்தாய் அவன் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்த பிள்ளை. சொந்தத்தில் எத்தனையோ பெரிய ஆட்கள் இருக்க, சாட்சிக் கையெழுத்துக்குத் தன்னைக் கூப்பிட்டிருக்கிறாரே என்று பூரித்துப்போய்ப் புதுச் சட்டை எடுத்தான்.

சண்முகத்தாய்க்குக் காய்ச்சல், வர முடியவில்லை. கல்யாணத்தன்று காலை மாப்பிள்ளை ஊரான வ. புதுப்பட்டிக்கு டிராக்டரை அவனே ஓட்டினான். பின்னால் பீரோ, கட்டில், கிரைண்டர், அண்டா எல்லாம் ஏறியிருந்தும் டிரெய்லர் ஒரு முனகல் இல்லாமல் வந்தது. கிருஷ்ணன்கோவில் டீக்கடையில் ஒருவர் கிட்டே வந்து தடவிப் பார்த்துவிட்டு, “புதுசா?” என்று கேட்டார். “புதுசுதான்” என்றான் தனுஷ்கோடி.

மாப்பிள்ளை வீட்டுப் பந்தலில், தாலி கட்டுவதற்கு முன் சீர்ப் பட்டியல் வாசிப்பது வழக்கம். கரண்டிவரைக்கும் எழுதி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சபையில் உரக்க வாசித்து, இரண்டு பக்கத்துச் சாட்சியும் கையெழுத்துப் போடுவார்கள். அதில் ஏறியது பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் சொந்தம். நாளைக்கு எந்த வழக்கு வந்தாலும் அந்தக் காகிதம்தான் பேசும். மாப்பிள்ளையின் பெரியப்பா ஐயாதுரை எழுந்து நின்று வாசித்தார்.

“பித்தளை அண்டா ரெண்டு. குத்துவிளக்கு ரெண்டு. ஸ்டீல் பீரோ ஒண்ணு. தேக்குக் கட்டில் ஒண்ணு. கிரைண்டர் ஒண்ணு. அரக்குச் சிவப்பு டிரெய்லர் ஒண்ணு.”

தனுஷ்கோடி முதலில் சிரித்துவிட்டான். சாமான் ஏற்றி வந்த வண்டியையும் சேர்த்து எழுதிவிட்டார்கள், பாவம் என்று நினைத்தான். திருத்தச் சொல்வதற்காக இருளப்பசாமியைத் தேடினான். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, வெகு கவனமாக மடித்துக்கொண்டிருந்தார். அந்தத் துண்டைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு நின்றது.

பந்தலுக்குப் பின்னால், சமையல் அடுப்பு ஓரத்தில், அவரைப் பிடித்தான்.

“என்னண்ணே இது?”

“மாப்பிள்ள வீட்ல டிராக்டர் கெடக்கு, டிரெய்லர் ஒண்ணு இருந்தாத் தேவலன்னு தை மாசமே கேட்டுட்டாவ. பொம்பளப் பிள்ளையப் பெத்தவன், நான் என்ன செய்ய?”

“தை மாசமேவா?”

தையில் அவன் இன்னும் துருவைத்தான் சுரண்டிக்கொண்டிருந்தான். அதன்பிறகு பலகை அடித்தது, சட்டத்தை அறுத்தது, மறுபடி அறுத்தது, பெயின்ட் அடித்தது எல்லாவற்றையும் இந்த மனுஷன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். பார்த்துக்கொண்டே பால்கோவா கொடுத்திருக்கிறார்.

“ஆர்.சி. எம்பேர்லதான இருக்கு. நான் ஒண்ணும் களவாங்கலியே” என்றார் இருளப்பசாமி, அடுப்பைப் பார்த்தபடி. “ஒனக்கு ஆறு மாசக் கூலி போட்டுத் தந்துருதேன்.”

கூலி. டிரெய்லர் போனதுகூடப் பிறகு. இருபது வருஷத் தம்பி ஒரே வார்த்தையில் கூலிக்காரனாகிவிட்டான்.

“பொண்ணு வீட்டுச் சாட்சி எங்கய்யா?” என்று பந்தலிலிருந்து ஐயாதுரையின் குரல் வந்தது.

போனான். காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார்கள். மணையில் உட்கார்ந்திருந்த வெள்ளத்தாய் நிமிர்ந்து பார்த்து, “சித்தப்பா, எனக்காவ எம்புட்டு பெரிய சீரு குடுத்திருக்கிய. அப்பா சொன்னாவ” என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது. டிரெய்லர் சித்தப்பன் கொடுத்த சீர் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறார். கடைசியில் ஒரு பொய் இருக்கத்தான் செய்தது, அதையும் தன்னிடம் சொல்லாமல் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார் என்று தனுஷ்கோடிக்கு விளங்கியது.

இன்னும் தாலி ஏறவில்லை. இந்த டிரெய்லர் என்னுடையது என்று ஒரு சொல் சொன்னால் போதும், சபை கலைந்துவிடும். அவன் சொல்ல மாட்டான் என்பது இருளப்பசாமிக்குத் தெரியும். தெரிந்துதான் எத்தனையோ பெரிய ஆட்களை விட்டுவிட்டு அவனைச் சாட்சியாக்கினார். எந்தப் பாசத்தை நம்பி இவன் ஏமாந்தானோ, அதே பாசத்தை நம்பித்தான் அவரும் ஏமாற்றியிருக்கிறார். அது தெரிந்தபோது அவன் நெஞ்சு கொதித்தது. கொதித்த நெஞ்சோடு குனிந்து, மில் சம்பளப் பட்டியலில் போடுவது மாதிரி முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

தாலி கட்டும்வரை நின்று அட்சதை போட்டான். பந்தி விரித்ததும் வெளியே நடந்தான்.

கல்யாண வீட்டில் பெண்ணின் சித்தப்பன் கை நனைக்காமல் போனால் உறவு அறுந்தது என்று அர்த்தம். சனங்களுக்கு அது சொல்லாமலே புரியும். பஸ் நிற்கிற இடத்துக்கு இருளப்பசாமி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“தம்பி, சம்பந்தக்காரங்க என்னன்னு கேக்காவ. ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போயிரு. கெஞ்சிக் கேக்கேன்.”

டிரெய்லரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இப்போதும் அவருடைய மானத்தைக் காப்பாற்ற இவன்தான் வேண்டியிருந்தது. தனுஷ்கோடி அவர் முகத்தை நேராகப் பார்த்தான்.

“கையெழுத்து வெள்ளத்தாய்க்காவப் போட்டேன், போட்டாச்சு. இந்தச் சோத்தத் திங்கது ஒங்களுக்காவ. அது என்னால ஏலாது.”

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். வத்திராயிருப்பு தாண்டும்வரை தாக்குப்பிடித்தான். அதன்பிறகு, கூட உட்கார்ந்து சுரண்டிய சண்முகத்தாயிடம் என்ன சொல்வது என்று நினைத்ததும், புதுச் சட்டையின் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.