குறுக்குக்கட்டுப் படம்

சுங்கைப் பட்டாணியில் பெண்களைப் பெண்களாகப் படம் எடுக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். இதைச் சொல்வதில் எனக்கென்ன கூச்சம்? பாசார் தெருவில் இன்னும் இரண்டு படக்கடைகள் இருக்கின்றன, போய்ப் பாருங்கள். பெண்ணை நாற்காலியில் உட்காரவைப்பான். இரண்டு கையையும் முழங்காலில் வைக்கச் சொல்லி, "அசையாதே" என்று ஓர் அதட்டல் போடுவான். கடைசியில் படத்தில் விழுந்திருப்பது பெண்ணா, கட்டிவைத்த அரிசி மூட்டையா என்று கண்டுபிடிக்க முடியாது.

என் பெயர் நவமணி. கடையை வைத்தவர் என் வீட்டுக்காரர் பக்கிரிசாமி. ஜப்பான் சண்டை வருவதற்கு இரண்டு வருஷம் முந்தி அவர் காய்ச்சலில் போய்விட்டார். கேமராவை விற்றுவிட்டு ஊருக்குக் கப்பலேறச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். "உங்க வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். தாலியறுத்தவள் கையால் எடுத்த படம் விளங்குமா என்று பேசினார்கள். கல்யாணங்களுக்கு என்னைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். போகட்டும், எனக்கென்ன நஷ்டம்? பெண்கள் என் கொல்லைக் கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

அவர்கள் கேட்டது வேறு மாதிரிப் படம். கூடத்தில் மாட்டுகிற படமில்லை, புருஷன் பெட்டிக்குள் வைத்துக்கொள்கிற படம். அதற்கு 'உள்ளறைப் படம்' என்று நானே பெயர் வைத்தேன். ஒரு பெண்ணுக்கு ஒரே படம். அச்சு எடுத்தவுடன், மறுபடி அச்சு விழாதபடி கண்ணாடிப் பிளேட்டை அவள் கையிலேயே கொடுத்துச் சுரண்டச் சொல்லிவிடுவேன். வந்தவர்கள் பெயரை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. காளியம்மாவின் பெயரை மட்டும் சொல்கிறேன். "சொல்லுங்க அக்கா, ஊருக்கே சொல்லுங்க" என்று அவளே சொல்லிவிட்டாள்.

துரைசாணிகளின் படப் புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. மெத்தையில் சாய்ந்து, முத்துமாலையை விரலில் சுற்றி, கண்ணை அரைவாசி மூடியிருப்பார்கள். நம் பெண்களை அப்படிச் சாய்த்துப் பார்த்தேன். வயிற்றுவலிக்காரிகளைப் போல இருந்தார்கள். புத்தகத்தைத் தூக்கிப் பரணில் போட்டேன். அன்னமும் மாளிகையும் வரைந்த திரையையும் சுருட்டி வைத்தேன். மாளிகையில் எவள் இருக்கிறாள்? தனியாக இருக்கும்போது ஒருத்தி என்ன செய்வாளோ அதைச் செய்யச் சொல்வேன். தலையைத் துவட்டு. மை இடு. வளையலைக் கழற்று. அந்த வேலைக்கு நடுவில் பிடித்தவர் யாரோ கூப்பிட்டதாக நினைத்து நிமிர்ந்து பார். இவ்வளவுதான் என் வித்தை. அழகை நான் உண்டாக்குவதில்லை. அது நிமிர்கிற நேரத்தில் கேமராவின் ரப்பர் பந்தை அமுக்குகிறேன்.

ஒரே ஒரு விஷயத்தில் என் பிளேட்டுக்கும் நம் பெண்களுக்கும் ஜென்மப் பகை. அதுதான் மஞ்சள். நம் கண்ணுக்கு மஞ்சள் பூசிய முகம் பளிச்சென்று இருக்கும். அந்தப் பிளேட்டுக்கோ மஞ்சள் நிறமே தெரியாது, கறுப்பாகத்தான் வாங்கிக்கொள்ளும். படம் எடுக்கப் போகிறோம் என்று அரைத்து அரைத்துப் பூசிக்கொண்டு வருவார்கள். படத்தைப் பார்த்துவிட்டு, "என்ன அக்கா, அடுப்புக்கரி மாதிரி இருக்கேன்?" என்று அழுவார்கள். அதனால் வருகிறவளிடம் முதலில் சொல்வதே, "மூணு நாளைக்கு மஞ்சளத் தொடாதடி" என்பதுதான்.

ஜப்பான்காரன் வந்து ஒன்றரை வருஷத்தில் எல்லாம் தீர்ந்துபோனது. காகிதம் கொஞ்சம் இருந்தது. மருந்தும் இருந்தது. பிளேட்டு ஒன்றே ஒன்று மிச்சம். எதற்கென்று தெரியாமல் அதை அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தேன். அரிசி இல்லாத பானையை யார் திறக்கப்போகிறார்கள்?

அப்போதுதான் காளியம்மா வந்தாள். மெர்போக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். இருபத்தைந்து வயது இருக்கும். ஆள் நல்ல உயரம், நல்ல கறுப்பு. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரர சயாமுக்கு எழுதிட்டாங்க. ரயில் ரோடு போட. வெள்ளிக்கெழம ரயிலு."

சயாமுக்குப் போனவர்களில் திரும்பியவன் ஒருவனையும் அதுவரை நான் பார்த்ததில்லை. அவளும் பார்த்ததில்லை.

"என்ன மாதிரிப் படம் வேணும்?"

அவள் தரையைப் பார்த்தாள். "ஆத்துல குளிச்சிட்டுக் கரையேறுவோம்ல, குறுக்குக்கட்டோட, முடிய விரிச்சிப்போட்டு. அவரு என்ன மொதமொதல்ல அப்படித்தான் பாத்தாரு. அத அவரு கையில குடுத்தனுப்பணும். அங்க எத்தன பொணம் விழுந்தாலும் இவரு எந்திரிச்சி வரணும் அக்கா. எதுக்கு வரணும்னு மறந்துடக் கூடாதுல்ல?"

இப்படிக் கேட்கிறவளுக்கு இல்லாத பிளேட்டு எனக்கு எதற்கு? "வியாழக்கெழம காலையில வா. மஞ்சள் பூசாம வா" என்றேன்.

வியாழக்கிழமை வந்தாள். நெற்றியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள்! கழுத்து, தோள், காது மடல் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் பக்கத்து வீட்டுக் கோழி எகிறி ஓடியது. "அறிவு இருக்காடி உனக்கு? படிச்சிப் படிச்சிச் சொன்னேனே! ஊரு முழுக்கத் தேடினாலும் வேற பிளேட்டு கெடையாது. இப்ப எடுத்தா ராத்திரியில எருமைய எடுத்த மாதிரித்தான் விழும்!"

"நாளைக்கி அவரு போறாரு அக்கா. இன்னைக்கிப் போயி மஞ்சள் பூசாம எப்படி இருப்பேன்?"

உள்ளே போய் அரப்பையும் ஈரத் துணியையும் கொண்டுவந்தேன். அவள் தோளில் கையை வைத்துத் துடைக்கப் போனேன். அவள் படக்கென்று பின்னால் நகர்ந்தாள். பிறகுதான் எனக்கே உறைத்தது. நான் தாலியறுத்தவள். நாளைக்குச் சயாமுக்குப் போகிறவனுடைய பெண்டாட்டியின் மஞ்சளை என் கையால் அழிக்கப் பார்த்தேன். எனக்கு மஞ்சளை அழித்தபோது எத்தனை கைகள் என்னைப் பிடித்துக்கொண்டன என்பது எனக்கு மறக்குமா? துணியைக் கீழே போட்டுவிட்டேன்.

"தப்புடி. என் புத்தியச் செருப்பால அடிக்கணும்" என்றேன்.

அவள் அருகில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அழிக்கக் கூடாதுன்னுதான் நகந்தேன். உங்க கைன்னு நகரல. நீங்க வேற என்ன செஞ்சாலும் நான் நிக்கிறேன்."

அந்த வார்த்தைக்கு நான் என் கண்ணையே பிடுங்கிக் கொடுத்திருப்பேன்.

முற்றத்தில் போய் உட்கார்ந்து யோசித்தேன். மஞ்சள் இருக்கும். ஆகவே உடம்பு கறுப்பாகத்தான் விழும். சரி, விழட்டுமே! வந்தவளெல்லாம் சிவப்பாகத் தெரிய வேண்டும் என்று இத்தனை வருஷம் அவர்கள் முகத்தில் மாவைப் பூசிக்கொண்டிருந்தேனே, காளியம்மா கறுப்புத்தானே? அவன் ஆற்றங்கரையில் பார்த்ததும் இந்தக் கறுப்பைத்தானே? எதிரே கழுவிச் சாய்த்து வைத்திருந்த அம்மிக்கல் கண்ணில் பட்டது. கல் என்னவோ கறுப்புத்தான். ஈரம் இருந்த இடத்தில் மட்டும் வானம் வெள்ளையாக மின்னியது. அவ்வளவுதான், எழுந்துவிட்டேன்.

விளக்குக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயை எடுத்து வந்தேன். கோத்தா கோலா மூடா கிராமத்திலிருந்து வந்த நல்ல எண்ணெய். அவள் நெற்றி, மூக்குத் தண்டு, கன்னத்து மேடு, தோள், கழுத்தெலும்பு எல்லாவற்றிலும் மஞ்சளுக்கு மேலேயே நானே தடவினேன். மஞ்சள் கலையவில்லை. படத்துக்கு நிற்கிற ஆளை எதிர்வெளிச்சத்தில் நிறுத்தவே கூடாது என்பார் என் வீட்டுக்காரர். நான் அவளைக் கடையின் கண்ணாடிக் கூரைக்குச் சற்று முன்னால், வெளிச்சம் அவள் முதுகுப்பக்கமிருந்து வழிகிற மாதிரி நிறுத்தினேன். பின்னால் கறுப்புக் கம்பளி. முடியை ஒரு பக்கமாக விரித்துவிட்டேன்.

"ஆத்திலேருந்து ஏறி வா. தலைய சாச்சி முடியப் பிழி. இப்ப அவரு கூப்பிடுறாரு."

அவள் நிமிர்ந்தாள். வெட்கப்படுவாள் என்று நினைத்தேன். படவில்லை. 'வந்துதான் ஆகணும்' என்று அதட்டுகிற மாதிரி நேராகப் பார்த்தாள். பந்தை அமுக்கினேன்.

மத்தியான வெயிலில் அச்சு விழுந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இருட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் புறப்பட்டு வருகிறாள். தோளில் ஒரு வெள்ளி வரி, கன்னத்தில் ஒரு கீற்று. கண்ணிரண்டும் எரிகின்றன. கறுப்பு, அப்படியொரு கறுப்பு! அதற்கு முன்னால் நான் எடுத்த படங்களெல்லாம் வெறும் மாவு. பக்கிரிசாமி இருந்து பார்த்திருந்தால் கேமராவை என் பெயருக்கே எழுதிவைத்திருப்பார்.

காளியம்மா வெகுநேரம் பார்த்தாள். "இது நான்தான்" என்று சொன்னாள், ஏதோ எனக்குத் தெரியாதது மாதிரி. பிறகு பிளேட்டைத் தன் கையாலேயே சுரண்டினாள்.

மறுநாள் காலையில் நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். வரிசையாக ஆட்கள், தோளில் மூட்டை முடிச்சு. ஒரு பக்கம் பெண்களின் அழுகை. காளியம்மாவின் புருஷன் அம்மாசி ஒல்லியான ஆள், வாயில் விரலை வைத்தாலும் கடிக்காதவன். பொய் அவனுக்கு வராது.

"படத்தப் பாத்துட்டு என்னடி சொன்னாரு?" என்று காதோடு கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல அக்கா. துண்ட எடுத்து மூஞ்சியத் துடைச்சிக்கிட்டே இருந்தாரு."

வரிசையின் தலையில் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அழகேசன் நின்று மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு ஜப்பான் சிப்பாய். கடிதம், காகிதம், படம் எதுவும் கொண்டுபோகக் கூடாதாம். அகப்பட்டதையெல்லாம் அழகேசன் மேலே தூக்கிக் காட்டி, ஒரு நையாண்டி அடித்துவிட்டுக் கூடையில் போட்டான். ஒருவன் வைத்திருந்த பெண்டாட்டி கடிதத்தைச் சத்தமாகப் படித்தான். வரிசையே சிரித்தது. காளியம்மாவின் விரல்கள் என் கையில் நகம் பதியப் பிடித்தன. அந்தப் படத்தை இவன் தூக்கிக் காட்டினால் அவள் தோட்டத்தில் தலைகாட்ட முடியுமா? நான்தான் உயிரோடு இருக்க முடியுமா?

அம்மாசியின் முறை வந்தது. மடியிலிருந்த துணிப் பொட்டலத்தை அழகேசன் உருவினான். பிரித்தான். படத்தைப் பார்த்தான்.

அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"யாருடா இது?"

அம்மாசி படத்தைப் பார்த்தான். "காளியம்மா" என்றான்.

விரித்த முடி, எண்ணெய்க் கறுப்பு, எரிகிற கண். அழகேசன் சட்டென்று காலிலிருந்த சப்பாத்தை உதறிக் கழற்றினான். படத்தை இரண்டு கையாலும் ஏந்தினான்.

சிப்பாய் எட்டிப் பார்த்து ஏதோ உறுமினான். அழகேசன் பதறிப்போய் அவன் பக்கம் திரும்பி, "காமி! காமி!" என்று கத்தினான்.

"ஐயோ, காமிக்கச் சொல்றானே!" என்று காளியம்மா அலறிக்கொண்டு பாய்ந்தாள். நானும் கூடவே ஓடினேன். அந்தக் கிராணியின் சட்டையைப் பிடித்து உலுக்கிவிடுவது என்றுதான் போனேன். ஆனால் அந்தச் சிப்பாய் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். என் கால் அப்படியே நின்றுவிட்டது. ஜப்பான்காரன் பேச்சில் காமி என்றால் சாமி என்று டவுனில் நடத்திய பாஷை வகுப்பில் எனக்கும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பயத்தில் மறந்துபோயிருந்தேன்.

அழகேசன் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அம்மாசியிடம் கொடுத்தான். "எந்தக் கோயில் படம்டா? இவ்வளவு களையா நான் பாத்ததே இல்லையே! பத்திரமா வச்சிக்க. அங்க இவதான் உனக்குத் துணை."

அம்மாசி தலையை ஆட்டினான்.

காளியம்மாவை இழுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனேன். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். "அக்கா, கன்னத்துல போட்டுக்கணுமே! சாமி குத்தமாயிடுமே அக்கா!"

"போடி பைத்தியக்காரி. உன் புருஷன் ஒரு வார்த்த பொய் சொன்னாரா?" என்றேன். எனக்கு நெஞ்சு விம்மிக்கொண்டு வந்தது. பயத்தால் இல்லை. பெருமைதான். துப்பாக்கிக்காரனே தொப்பியைக் கழற்றுகிற மாதிரி ஒரு பெண்ணைப் படம் எடுத்தவள் நான்.

சாமான் வண்டியில் ஆட்களை ஏற்றினார்கள். அம்மாசி கதவோரமாக நின்றான். ரயில் அசைந்தபோது அவன் கையை ஆட்டவில்லை. பொட்டலத்தைப் பிரித்தான். அத்தனை ஆண்கள் நடுவில், கிராணியும் சிப்பாயும் பார்த்துக்கொண்டிருக்க, படத்தை எடுத்து முதலில் ஒரு கண்ணிலும் பிறகு மறு கண்ணிலும் ஒற்றினான். எந்த ஊரில் எந்தப் புருஷன் தன் பெண்டாட்டியைச் சபையில் வைத்து இப்படிச் செய்திருக்கிறான்? அவன் சாமி கும்பிடுகிறான் என்று நினைத்து வண்டியில் இருந்த மற்றவர்களும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

காளியம்மா தூணை விட்டு வெளியே வந்து, எல்லாரும் பார்க்கும்படி நிமிர்ந்து நின்றாள்.