ரஞ்சிதத்தின் தலைமேல் சத்தியம்

தனகோட்டிக்கு வாய் நீளம். அனந்தபுரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வரப்புத் தகராறோ கிணற்றடிச் சண்டையோ, அவள் வாயைத் திறந்தால் எதிராளி குடத்தைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். அப்படிப்பட்டவள் பெற்ற ஒரே பெண் ரஞ்சிதம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கைக்குழந்தையில் வந்த ஜன்னி, கைகாலையும் பேச்சையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. எட்டு வயதாகியும் கழுத்து நிற்கவில்லை. கஞ்சி ஊட்டினால் பாதி உள்ளே போகும், பாதி கடைவாயில் வழியும்.

கூலி வேலைக்குப் போகிறவள் எத்தனை நாள்தான் பிள்ளையை மரத்தடியில் கிடத்திவிட்டுக் களை பறிப்பாள்? செஞ்சியில், கோட்டைக்குப் போகிற சாலையில், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு இல்லம் இருந்தது. அங்கே கொண்டுவந்து விட்டாள். சந்தை நாளில் பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போவாள். முந்தானையில் வெல்லம் முடிந்திருக்கும். அதை விரலில் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் தடவினால் ரஞ்சிதம் கண்ணெல்லாம் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக அவள் செஞ்சிக்கு நடந்தேகூட வருவாள்.

இல்லத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா மெஹர் பானுவுக்கு அந்த வெல்லத்தைக் கண்டாலே ஆகாது.

"குடுக்காதேன்னு சொல்லலக்கா. குடுத்தா வாயைத் தொடச்சிட்டுப் போ. பல்லுல ஒட்டிக்கினு அழுவுது."

"போ பாயம்மா. பல்லு வெளக்கி இவள இன்னா பொண்ணு பாக்க வர்றவங்க முன்னாடியா ஒக்கார வெக்கப் போறேன்?"

இல்லத்து நர்ஸ் ராஜாம்பாள் இந்த ஒரு விஷயத்தில் மகா கண்டிப்பு. ஆகாரம் முடிந்ததும் பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். காய்ச்சி ஆறிய உப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, விரலில் சுற்றி ஈறு, நாக்கு, கன்னத்தின் உள்பக்கம் எல்லாம் துடைக்க வேண்டும். சரியாக விழுங்க முடியாத பிள்ளைகளுக்கு எச்சில் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். வாயில் அழுகிக் கிடப்பதும் அதோடு இறங்கினால் நெஞ்சில் சளி கட்டிக்கொள்ளும். பனிக்காலத்தில் அதுதான் பிள்ளைகளைக் கொண்டுபோகிறது என்பாள். தனகோட்டியிடமும் இதைச் சொன்னார்கள். காதில் போட்டுக்கொண்டால்தானே!

சீனாச் சண்டை ஓய்ந்திருந்த மார்கழி அது. வழக்கத்தைவிட முன்னாலேயே பஸ் வந்துவிட்டது. தனகோட்டி உள்ளே நுழைந்தபோது மெஹர் பானுவின் விரல் ரஞ்சிதத்தின் வாய்க்குள் இருந்தது. பிள்ளை முகத்தைச் சுளித்து முனகியது. வெளியே வந்த துணியில் ரத்தம்.

 தனகோட்டி போட்ட சத்தத்தில் அந்த வரிசையில் இருந்த பிள்ளைகள் எல்லாம் அழ ஆரம்பித்தன.

"வாயில்லாத பூச்சிடீ அது! அத்தப் போய் நோண்டி ரத்தம் எடுக்கறியே, உன் கைல புத்து வெக்க!"

"ஈறு வீங்கிக் கெடக்குதுக்கா. அதான் கசியுது. தொடச்சிக்கினே இருந்தா நின்னுடும். வுட்டுட்டா இன்னும் மோசமாயிடும்."

ரத்தம் வருகிற இடத்தில் கை வைக்காமல் இருப்பதுதானே யாருக்கும் தோன்றும்? தனகோட்டிக்கும் அதுதான் தோன்றியது. அவள் மெஹர் பானுவின் கையை வெடுக்கென்று பிடித்து ரஞ்சிதத்தின் தலைமேல் வைத்தாள்.

"இவ தல மேல சத்தியமா, இனிமே இவ வாயில கை வெக்க மாட்டேன்னு சொல்லு."

"அக்கா, எங்களுக்கு அல்லா பேர்ல தவிர வேற சத்தியம் கூடாது."

"உனக்குக் கூடாது, எனக்குக் கூடும். சொல்லு."

பிள்ளை தலைமேல் செய்த சத்தியத்தை மீறினால் அந்தப் பிள்ளையையே அது அடிக்கும். அந்தப் பக்கத்தில் சாதி மதம் பாராமல் எல்லோருக்கும் உள்ள பயம் இது. மெஹர் பானு கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், பிடி விடவில்லை. கடைசியில் அழுதுகொண்டே சொன்னாள்.

அடுத்த முறை வந்தபோது தனகோட்டி பிள்ளையின் உதட்டைப் பிதுக்கிப் பார்த்தாள். ரத்தம் இல்லை. "பாத்தியா?" என்று மெஹர் பானுவைப் பார்த்துக் கேட்டாள். அன்றைக்கு வெல்லம் இரண்டு மடங்கு. மெஹர் பானு அடுத்த கட்டிலுக்குப் போனாள். நர்ஸம்மா கேட்டபோதெல்லாம் துடைத்தாயிற்று என்று தலையாட்டி வைத்தாள்.

தை பிறந்து அறுப்பு தொடங்கியது. அறுப்புக் காலத்தில் கூலியை விட்டுவிட்டு எவளும் பஸ் ஏற மாட்டாள். தனகோட்டியும் ஏறவில்லை. சந்தை நாட்கள் வந்துவந்து போயின. ஒரு நாள் மத்தியானம் இல்லத்து ஆள் வயலுக்கே வந்து கூப்பிட்டான். கையில் இருந்த அரிவாளைப் போட்டுவிட்டுச் செஞ்சி பஸ்ஸுக்கு ஓடினாள்.

ரஞ்சிதத்தைத் தலையணை முட்டுக்கொடுத்துச் சாய்த்து வைத்திருந்தார்கள். உடம்பு அனலாய்க் கொதித்தது. மூக்குத்துளை விரிந்து விரிந்து சுருங்க, நெஞ்சுக்குள்ளே கரகரவென்று சத்தம் கேட்டது. டாக்டர் ஊசி போட்டுவிட்டுப் போயிருந்தார். இரண்டு பக்கமும் சளி கட்டிவிட்டது என்று சொன்னாராம்.

ராஜாம்பாள் பிள்ளையின் தாடையை அழுத்தி வாயைத் திறந்தாள். நாக்கில் வெள்ளையாகத் தடித்த படை. ஈறு தெரியவில்லை. அந்த நாற்றம் கட்டில் கால்மாட்டில் நின்ற தனகோட்டியின் மூக்கில் வந்து அடித்தது. வந்துபோன நாட்களில் வெல்ல வாசனையில் அவளுக்கு இது தெரியவேயில்லை.

"இந்த வாயை எப்பத் துடைச்ச நீ?" என்று ராஜாம்பாள் கேட்டாள்.

மெஹர் பானு தலை குனிந்துகொண்டாள். காட்டிக்கொடுக்கவில்லை. தனகோட்டிதான் சொன்னாள்.

"நான்தாம்மா தொடக்கூடாதுன்னு பொண்ணு தல மேல சத்தியம் வாங்கனேன்."

வாய் கிழியத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. ராஜாம்பாள் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு உப்புத் தண்ணீர் எடுக்கப் போனாள். தனகோட்டி மெஹர் பானுவின் கையை எடுத்து மறுபடியும் பிள்ளையின் தலையில் வைத்து, "சத்தியத்தைத் திருப்பி வாங்கிக்கினேன். இனிமே தொடை. எனக்கும் சொல்லிக் குடு" என்றாள்.

அதன் பிறகு அவள் ஊருக்குப் போகவில்லை. துணியைப் பிழிவதும் விரலில் சுற்றுவதும் கைக்குப் படிந்துவிட்டன. கன்னத்தின் உள்பக்கம் துடைக்கும்போது ரத்தம் கசிந்தது; பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தாள். வாய் சுத்தமாகிக்கொண்டு வந்தது. மூச்சுதான் மோசமாகிக்கொண்டே போனது. இறங்க வேண்டியது எல்லாம் எப்போதோ இறங்கிவிட்டிருந்தது. கோட்டை நிற்கும் ராஜகிரி மலை மேல் பனி விலகி வெயில் ஏறுகிற நேரத்தில் ரஞ்சிதத்தின் நெஞ்சுச் சத்தம் நின்றது.

கணவன் கன்னியப்பன் வந்து பார்த்துவிட்டு, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, வண்டி பார்க்கப் போனான். தனகோட்டி அழவில்லை.  மெஹர் பானு பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"ஒரு நாளு துணிய நனச்சி எடுத்தாந்தேங்க்கா. கட்டில் கிட்டக்க வந்ததும் அந்தச் சத்தியம் ஞாபகம் வந்துடுச்சி. மீறி, அதனாலயே இவளுக்கு எதுனா ஆயிட்டா? திரும்பிட்டேன். நான் மீறியிருக்கணும். உனக்குத் தெரியாமத் தொடச்சிருக்கலாம்."

தனகோட்டி மடியில் கிடந்த பிள்ளையின் கடைவாயை முந்தானையால் துடைத்தாள்.

"மீறியிருந்தா பொழச்சிருப்பா. எனக்குத் தெரிஞ்சிருக்காது. அடுத்த சந்தைக்கு வந்து சிரிக்கிறதப் பாத்துட்டு, அந்தச் சத்தியந்தான் எம்பொண்ணக் காப்பாத்துச்சின்னு அனந்தபுரம் பூரா சொல்லிக்கினு திரிஞ்சிருப்பேன் பாயம்மா. சொல்லிக்கினே இருந்திருப்பேன்."

வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றது. கன்னியப்பன் உள்ளே வந்து கையை நீட்டினான். அவள் பிள்ளையைக் கொடுக்கவில்லை.