நாலு அடி பாக்கி

என் நடன வகுப்பில் யாரும் ‘ஸ்டெப்’ என்று சொல்லக் கூடாது. அடி என்றுதான் சொல்ல வேண்டும். தமிழைக் காப்பாற்றும் பொறுப்பை யாரோ என் தலையில் கட்டிவிட்ட மாதிரி, “ஸ்டெப்பு மாடிக்குப் போறதுக்கு. நாம வைக்கிறது அடி” என்று பிள்ளைகளை நச்சரிப்பேன். யாராவது காலைத் தவறாக வைத்தால், “உனக்கு நாலு அடி பாக்கி” என்பேன். வகுப்பு முடிந்ததும் நின்று, தவறிய இடத்தைத் திரும்ப ஆடிக் காட்டிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். வாயாடிகள் “நாளைக்குச் சேர்த்துத் தர்றேன் டீச்சர்” என்று நழுவப் பார்ப்பார்கள்.

பூனை மட்டும் பாக்கியே வைத்ததில்லை. நான் ஆட்டம் சொல்லித்தரும் குழந்தைகள் இல்லத்துக்குப் புதிதாக வந்தவள். நடந்தால் சத்தமே கேட்காது, அதனால் அந்தப் பெயர். யாரோடும் பேசமாட்டாள். வகுப்பு முடிந்தால் முதல் ஆளாக ஓடிவிடுவாள். அவளைக் கொண்டுவந்து விட்டபோதே வார்டன் அக்கா சொன்னார்: “வீட்ல ரொம்ப அடி வாங்கின பிள்ளை, டீச்சர். ஆடுறப்பவாவது கொஞ்சம் சிரிக்கட்டும். பார்த்துக்குங்க.”

நானும் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினேன். அவள் சிரிக்கவில்லை, ஆனால் ஒரு தப்பும் இல்லாமல் ஆடினாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. “பூனையைப் பார்த்துக் கத்துக்குங்க, கழுதைங்களா” என்று மற்றவர்களை வைதேன். எல்லாம் என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன்.

இல்லத்தின் ஆண்டு விழாவுக்கு முந்தின நாள், கடைசி ஒத்திகையில் அவளுடைய இடது கால் பிசகியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அடடே, பூனைக்கும் நாலு அடி பாக்கி!”

பிள்ளைகள் கைதட்டிக் குதித்தார்கள்.

எல்லோரும் போன பிறகு பாட்டுப் பெட்டியின் வயரைச் சுருட்டிவிட்டுத் திரும்பினேன். பூனை நின்றிருந்தாள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, கண்களை இறுக மூடியிருந்தாள்.

“கையில அடிங்க டீச்சர். கால்ல மட்டும் வேணாம். நாளைக்கு ஆடணும்.”

ஓடிப்போய் அந்தக் கைகளைப் பிடித்தேன். தொட்டதுமே அவள் தோள் சுருங்கியது.

“ஐயோ, அந்த அடி இல்லடா கண்ணு! கால் எடுத்து வைக்கிறோமே, அந்த அடி. ஸ்டெப்பு! ஸ்டெப்பு!”

சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. நான் ஊரெல்லாம் மெச்சிக்கொண்ட ஆட்டம் முழுக்கப் பயம். அதை ஊட்டி வளர்த்தவள் நான்.

அவள் கண்ணைத் திறந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அப்ப நீங்க யாரையுமே அடிக்கலையா?”

“இல்லடா.”

“தப்பு பண்ணினாக்கூடவா?”

“பண்ணினாக்கூட.”

அவள் என் பிடியிலிருந்து கைகளை உருவிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் அரங்கு நிறைந்திருந்தது. நான் திரை ஓரமாக நின்றேன். ஆட்டத்தின் நடுவில் பூனை வேண்டுமென்றே காலை மாற்றி வைத்தாள். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். நான் அசையவில்லை. இன்னொரு தப்பு செய்தாள். பக்கத்துப் பெண் மேல் மோதி வரிசையே கலைந்தது; கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அது எதுவும் அவள் காதில் விழவில்லை. மூன்றாவது தப்பையும் செய்துவிட்டு, என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.