பதினைந்து நிமிடம்

அலுவலகத்தில் அவனுக்குப் பட்டப்பெயர் பூட்டு. வீட்டிலிருந்து வேலை செய்கிற நாற்பது பேர் அலுவலக சர்வருக்குள் வருகிற வழியைக் காப்பது அவன் பொறுப்பு. முன்பெல்லாம் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட். சந்தைக்குள் நுழைவது மாதிரி நுழைந்தார்கள். பூட்டு மூன்று நாள் உட்கார்ந்து அத்தனையையும் மாற்றினான். ஆளுக்கொரு பாஸ்வேர்ட், அதற்குமேல் போனுக்கு வரும் ஆறு இலக்க எண். பதினைந்து நிமிடம் கணினியைத் தொடாவிட்டால் இணைப்பு தானாக அறுந்துவிடும். அவனைத் திட்டாத ஆள் இல்லை. தனக்கென்று அவன் வெளி இணைப்பே வைத்துக்கொள்ளவில்லை. காவல்காரன் வாசலில்தான் இருக்கவேண்டும் என்பான். அந்தப் பெருமைக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

ஒரு மாதம் கழித்து மேலாளர் கூப்பிட்டார். யாருக்கு அடிக்கடி இணைப்பு அறுகிறதோ அவர்கள் டிமிக்கி கொடுக்கிறார்கள், முதல் ஐந்து பேர் திங்கட்கிழமையிலிருந்து அலுவலகத்துக்கு வரட்டும், பட்டியல் எடு என்றார். பூட்டுக்கு வாயெல்லாம் பல்.

முதல் பெயர் அவனுடைய அண்ணியுடையது. வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதுகிறவர். அண்ணி என்று சலுகை காட்டினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். உடனே போன் போட்டு, கொஞ்சம் அதிகாரமாகவே, தினமும் பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று மணி பார்த்து எழுந்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டான்.

"அத்தையைத் திருப்பிப் படுக்க வைக்கிறேன் தம்பி," என்றார் அண்ணி. "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பலைன்னா முதுகு புண்ணாயிடும். துடைச்சு, துணி மாத்தி முடிக்க இருபது நிமிஷம் ஆகுது."

குரலில் குறை இல்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது. அத்தை என்றால் அவனுடைய அம்மா. படுத்த படுக்கையாகி எட்டு மாதம். அண்ணனுக்கு வெளியூர் வேலை. இவனோ ஞாயிறுதோறும் அண்ணன் வீட்டுக்குப் போய் நாற்காலியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அம்மா இப்போது தேவலை போலிருக்கிறதே என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறவன். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

பதினைந்தை முப்பதாக்க ஒரு நொடி போதும். கையும் போயிற்று. நாற்பது வீடுகளில் ஆளில்லாமல் திறந்து கிடக்கப்போகும் திரைகளை நினைத்துக் கையை எடுத்துக்கொண்டான். பட்டியலுக்குப் பக்கத்தில், யார் எத்தனை வேலை முடித்தார்கள் என்ற எண்ணிக்கையையும் சேர்த்தான். அதிலும் அண்ணிதான் முதல்.

மேலாளர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ நடுநடுவுல எங்கதான் போறாங்க?"

"எங்கம்மாவப் பாத்துக்கறாங்க சார். நான் பாக்க வேண்டியது," என்றான் பூட்டு.

யாரும் வரவேண்டாம் என்று முடிவாயிற்று. பூட்டு நகரவில்லை. வாரத்தில் மூன்று நாள் அண்ணன் வீட்டிலிருந்து வேலை செய்யத் தனக்கும் ஓர் இணைப்பு வேண்டும் என்று கேட்டு வாங்கினான்.

அடுத்த மாதப் பட்டியலையும் அவன்தான் எடுத்தான். அண்ணி இரண்டாம் இடத்துக்கு இறங்கியிருந்தார். முதல் பெயர் அவனுடையது.