தொண்ணூற்றிரண்டு கிலோ படிப்பு

வாயில் ஆடாமல் மிச்சமிருக்கும் நான்கு பற்களின் மேல் ஆணை: இதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொன்னதில்லை. ஐந்தாவது பல் ஆடிக்கொண்டிருப்பதால் அதைச் சாட்சிக்கு இழுக்கவில்லை.

லிஃப்ட் மெக்கானிக் ஒருத்தி இருந்தாள். ஊரில் இருக்கிற லிஃப்ட்டையெல்லாம் ஓடவைத்தவள் குடியிருந்ததோ, லிஃப்ட்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். இரண்டு பெண்கள். ஒரே நாளில் பதினேழு முறை “ஏன்?” என்று கேட்டதற்காக மூத்தவளை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். அம்மாக்காரி கையில் ஸ்பேனரோடு போய் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

“கேள்வி கேக்கறது குத்தம்னா, என் வீட்டுலயே உக்காந்து குத்தம் பண்ணட்டும்.”

அன்றிலிருந்து வீட்டில்தான் பாடம். கதை படிப்பது, படித்ததைக் கையால் செய்து பார்ப்பது. கப்பல் கதை படித்துவிட்டுக் கயிற்றில் விதவிதமாக முடிச்சுப் போட்டார்கள். கிணற்றில் விழுந்த யானையின் கதைக்குப் பிறகு கப்பி செய்தார்கள். அதோடு விட்டார்களா? மாடிப்படிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியில் லிஃப்ட்டே கட்டிவிட்டார்கள். உச்சியில் கப்பி. கயிற்றின் ஒரு முனையில் கைப்பிடி வைத்த நாற்காலி, மறுமுனையில் எதிர் எடையாகப் புத்தக மூட்டை. மூட்டை கனத்தால் நாற்காலி ஏறும். முழுதாகப் படித்த புத்தகம்தான் மூட்டைக்குள் போக வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். படிக்காத புத்தகத்துக்கு எடை கிடையாது. இது அறிவியல்.

ஒருநாள் கல்வி அதிகாரி வந்தார். கையில் படிவம். அவர் “இல்லை” என்று ஒரு வார்த்தை எழுதினால் திங்கட்கிழமையே பிள்ளைகள் பழைய பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். மூன்று மாடிப்படியை அண்ணாந்து பார்த்துவிட்டு அவர் கீழேயே நின்றுகொண்டார். அம்மாக்காரி சின்னவளோடு இறங்கி வந்தாள்.

“பாடத்திட்டம் எங்கம்மா?”

“மூட்டையில சார்.”

“மதிப்பெண்?”

“கிலோவுல சொல்லட்டுமா?”

அதிகாரி பேனாவைத் திறந்தார். “விளையாடாதீங்க. என்ன படிச்சிருக்காங்கன்னு நான் எதை வச்சு அளக்கறது?”

“உங்களையே வச்சு அளங்க சார். அந்த நாற்காலியில உக்காருங்க. என் பொண்ணுங்க படிச்சது உங்களைவிடக் கனமா இருந்தா மேல போவீங்க, அங்க கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா இங்கயே ‘இல்லை’ன்னு எழுதிட்டுப் போங்க.”

ஆளைப் பார்த்ததும் எடை தெரிந்துவிடுவது லிஃப்ட்காரர்களின் வியாதி. தொண்ணூற்றிரண்டு கிலோ. மூட்டையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இருந்தும் அவள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிவிட்டாள், அவரும் உட்கார்ந்தார்.

மேலே மூத்தவள் பிரேக்கை விட்டாள். அதிகாரி அசைந்தார். முதல் மாடி தாண்டினார், இரண்டாம் மாடி தாண்டினார். மூன்றாம் மாடிக்கு இரண்டடி இருக்கும்போது நின்றுவிட்டார்.

“ஏய் குண்டூசி!” என்று மேலிருந்து கத்தினாள் மூத்தவள். “எந்தப் புத்தகத்தை முடிக்காம போட்ட?”

“குதிரைக் கதை,” என்றாள் சின்னவள், கீழே மூட்டைக்குப் பக்கத்தில் நின்றபடி. “கடைசி அத்தியாயத்துல குதிரை செத்துடுமோன்னு மூடிட்டேன்.”

“செத்துச்சா?”

“அது தெரிஞ்சா படிச்சிருக்க மாட்டேனா?”

“என்னை இறக்குங்கம்மா!” என்றார் அதிகாரி. “தேறலன்னு எழுதிக்கிறேன்!”

கயிறு அம்மாக்காரியின் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. சுண்டுவிரலால் ஓர் இழுப்பு போதும், யாருக்கும் தெரியாது. அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

“நான் இழுத்தா அது என் படிப்பு. குண்டூசி, படிடி.”

சின்னவள் மூட்டையின் வாயைப் பிரித்து, மேலாக இருந்த புத்தகத்தை உள்ளுக்குள்ளேயே விரித்து உரக்கப் படித்தாள். ஒரு பக்கம் புரண்டது, நாற்காலி ஓர் அங்குலம் ஏறியது. இன்னொரு பக்கம், இன்னோர் அங்குலம். குதிரை மழையில் பாலத்தருகே வந்து நின்ற இடத்தில் அவள் குரல் இறங்கிப்போனது.

“சத்தமாப் படி பாப்பா!” என்று நாற்காலியிலிருந்து குரல். “இங்க கேக்கல!”

குதிரை சாகவில்லை, வீட்டுக்குத் திரும்பவும் இல்லை. அதிகாரி மூக்கை உறிஞ்சினார். அவர் சிந்திய கண்ணீர் எப்படியும் இருநூறு கிராம் இருக்கும். கடைசி அரை அங்குலத்தை அதுதான் ஏற்றிவிட்டது.

மூன்றாம் மாடியில் இறங்கிக் கையெழுத்துப் போட்டார். ‘படிப்பு: தொண்ணூற்றிரண்டு கிலோ, நேரில் ஏறி அளக்கப்பட்டது.’ படியேறி வந்த தாயிடம் படிவத்தைக் கொடுத்துவிட்டு நாற்காலியைப் பார்த்தார்.

“இப்ப எப்படிம்மா கீழ போறது?”

“இதுல இறங்கணும்னா இவங்க படிச்சதை மறக்கணும் சார். அது இவங்களுக்கு வராது. படியில போங்க.”

என் பேச்சில் சந்தேகம் இருந்தால் அந்த வீட்டை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்: தரையோடு தரையாக ஒரே தளம், மாடியே கிடையாது.